ஆப்பிரிக்கா சபர் (பயணம்), மலேரியா, ஊர் திரும்பிய பிறகு வரும் காய்ச்சல்

கீழக்கரை கல்வணிகர் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லோருக்கும் வணக்கம்.

வியாபாரத்துக்காக ஆப்பிரிக்கா போய் வரும் நம் கடற்கரை ஊர்க்காரர்களுக்காக இந்த இழையைத் தொடங்குகிறேன். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி, தேவிபட்டினம் என்று எந்த ஊரை எடுத்தாலும் அந்தப் பக்கம் போகிறவர்கள் இருக்கிறார்கள். ரத்தினக்கல் வாங்க மடகாஸ்கர், மொசாம்பிக், தான்சானியா, சாம்பியா. மரத்தடிக்கும் முந்திரிக்கொட்டைக்கும் மேற்கு ஆப்பிரிக்கா. சொந்தக்காரர் கடையில் கணக்குப் பார்க்க கென்யா, உகாண்டா.

எங்கள் தெருத் தம்பி ஒருவர் மொசாம்பிக்கில் மாணிக்கம் பார்த்துவிட்டு ஊர் வந்தார். வந்து இரண்டு வாரம் ஆவதற்குள் காய்ச்சல். பக்கத்துக் கிளினிக்கில் சீசன் காய்ச்சல் என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். அடுத்து ஒரு தனியார் மருத்துவமனையில் டெங்கு என்று நினைத்துத் தட்டணுக்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். எங்கே போய் வந்தீர்கள் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. வீட்டாருக்கும் சொல்லத் தோன்றவில்லை. கண் மஞ்சளாகி நினைவு தடுமாறிய பிறகுதான் மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கே போன அன்றே ரத்தத்தைப் பார்த்து ஃபால்சிபாரம் என்ற வகை மலேரியா என்று சொல்லிவிட்டார்கள். சிறுநீரகம் வேலை செய்யாமல் டயாலிசிஸ் வரை போனது. அல்ஹம்துலில்லாஹ், பிழைத்துவிட்டார்.

அவர் உடம்பைப் பார்க்காமல் அலைகிற ஆள் இல்லை. கொண்டுபோன தடுப்பு மாத்திரையை அங்கே இருந்தவரை ஒழுங்காகப் போட்டிருக்கிறார். விமானம் ஏறியதும் நிறுத்திவிட்டார். நம்மில் பெரும்பாலானவர்கள் செய்வது இதுதான், என் கவலையும் இதுதான். ஊர் வந்து சேர்ந்ததும் சபர் முடிந்தது என்று நினைக்கிறோம், கிருமிக்கு அது முடியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். கேள்வி இருப்பவர்களும் கூச்சப்படாமல் கேளுங்கள்.

பாம்பன் பாலத்தடி எழுதியது:

காக்கா (அண்ணே), அந்தத் தம்பி பிழைத்தது பெரிய விஷயம். ஆனால் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து இருக்கிறது, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ராமேசுவரம் தீவில் பிறந்தவனுக்கு மலேரியா புதிது இல்லை. சின்ன வயதில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வந்து போயிருக்கிறது. விரலில் குத்தி ரத்தம் எடுப்பார்கள், மாத்திரை கொடுப்பார்கள், இரண்டு நாளில் எழுந்து கடலுக்குப் போய்விடுவார்கள். எங்கள் ரத்தத்துக்கு அது பழகிவிட்டது என்றுதான் பெரியவர்கள் சொல்வார்கள். மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கினால் வயிறு புண்ணாகும், உடம்பு சூடாகும். எங்கள் மாமா ஒருவர் தான்சானியாவில் பல வருடம் கடை நடத்தினார், ஒரு மாத்திரைகூட போட்டதில்லை.

ராமநாதபுரம் லேப் அக்கா எழுதியது:

தம்பி பாம்பன், உங்களைப் போல நினைப்பவர்கள் நிறைய பேர் என் மேசை முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நீங்கள் சின்ன வயதில் பார்த்தது பெரும்பாலும் வைவாக்ஸ் என்ற வகை மலேரியாவாக இருக்கும். குளிர் தூக்கிப்போடும், ஒருநாள் விட்டு ஒருநாள் காய்ச்சல் வரும், ஆளைச் சக்கையாக்கும். ஆனால் சரியான மாத்திரை கொடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆப்பிரிக்காவில் சகாராவுக்குத் தெற்கே மிகுதியாக இருப்பது ஃபால்சிபாரம். அது ஏறின சிவப்பணுக்கள் உடம்பின் நுண்ணிய ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். மூளையில் ஒட்டினால் நினைவு தப்பும், சிறுநீரகமும் அடிபடும். வைவாக்ஸ் வந்து போன உடம்பு என்பதற்காக ஃபால்சிபாரம் விட்டுவைக்காது.

எதிர்ப்புச் சக்தி பற்றியும் சொல்ல வேண்டும். அங்கேயே பிறந்து, குழந்தையிலிருந்து திரும்பத் திரும்பக் கடிபட்டு வளர்ந்த பெரியவர்களுக்கு ஓரளவு தாங்கும் சக்தி உண்டு. முழுப் பாதுகாப்பு அவர்களுக்கும் கிடையாது. அங்கிருந்து வெளியேறி சில வருடம் வேறு ஊரில் வாழ்ந்தால் அந்தச் சக்தியும் குறைந்துவிடும். உங்கள் மாமா தப்பித்தது அவருடைய நல்ல நேரம். கடை எந்த ஊரில் இருந்தது என்பதும் முக்கியம். அருஷா மாதிரி மேட்டு நிலத்தில் கொசு குறைவு, தாருஸ்ஸலாம் கடற்கரையில் நிலைமை வேறு.

இன்னொன்று. ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தால்தான் மலேரியா என்று எதிர்பார்க்காதீர்கள். ஃபால்சிபாரம் தொடக்கத்தில் சாதாரண ஃப்ளூ மாதிரியே இருக்கும். தலைவலி, உடம்புவலி, வாந்தி, சிலருக்கு வயிற்றுப்போக்கு. குளிர் வரட்டும், பிறகு டெஸ்ட் எடுக்கலாம் என்று வீட்டில் காத்திருப்பவர்கள்தான் கடைசியில் ஸ்ட்ரெச்சரில் வருகிறார்கள்.

ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர் எழுதியது:

நம் மாவட்டத்துக்கும் இந்தக் கொசுவுக்கும் உள்ள உறவு பழையது. அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்று ஒரு வகை. கிணறு, மேல்நிலைத் தொட்டி, தரைத்தொட்டி, மூடாத டிரம் என்று சுத்தமான தேங்கிய நீரில் முட்டையிடும். ராமநாதபுரத்தில் தண்ணீர் எப்போதும் தட்டுப்பாடு. காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்த பிறகும், வருகிற நாளில் பிடித்துச் சேர்த்து வைப்பதுதான் வீட்டு வழக்கம். அந்தச் சேமிப்பே கொசுவுக்குத் தொட்டில். அதனால்தான் கிணற்றில் கொசுப்புழு தின்னும் கம்பூசியா மீன் விட்டோம், தொட்டிகளில் புழுவைக் கொல்லும் அபேட் மருந்து ஊற்றினோம், வீடு வீடாகப் போய் மூடியைச் சரிபார்த்தோம். நிறைய சண்டையும் போட்டோம்.

இதை இங்கே எழுதக் காரணம் இருக்கிறது. இந்த ஸ்டீபன்சி தெற்காசியாவிலும் அரபு நாடுகளின் பக்கமும் மட்டும் இருந்த கொசு. 2012இல் ஆப்பிரிக்காவில் ஜிபூட்டியில் கண்டுபிடித்தார்கள். 2016இல் எத்தியோப்பியாவில். பிறகு சூடான், சோமாலியா, நைஜீரியா, கென்யா என்று பரவிவிட்டது. ஆப்பிரிக்காவின் பழைய கொசு மழைக்குட்டை, வயல், குழி என்று கிராமப் பக்கம் வளர்வது. இது ஊருக்குள் தொட்டியில் வளர்வது. ஆகவே "நகரத்தில்தானே தங்குகிறேன், காட்டுக்குள் போகவில்லையே" என்ற பழைய சமாதானத்தை இனி அப்படியே நம்ப முடியாது.

அடுத்தது நம் ஊரைப் பற்றியது. ஆப்பிரிக்காவிலிருந்து ரத்தத்தில் கிருமியோடு ஒருவர் வந்து, கொசுவலை இல்லாமல், கிணற்று முற்றத்துப் பக்கம் படுக்கிறார் என்று வையுங்கள். அவரைக் கடித்த கொசு பத்து, பன்னிரண்டு நாள் கழித்து அதே வீட்டுக் குழந்தையைக் கடித்தால் போதும். வெளியூரில் பிடித்த நோய் நம் தெருநோய் ஆகிவிடும். மலேரியா என்று தெரிந்ததும் நாங்கள் அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் ரத்தம் எடுக்க வருவது இதற்காகத்தான். சில வீடுகளில் தெருவுக்குத் தெரிந்துவிடும் என்று மறைப்பார்கள். தயவுசெய்து மறைக்காதீர்கள்.

மரக்கடை மச்சான் எழுதியது:

நல்ல இழை. எனக்கு ஒரு சந்தேகம். நான் கானா, ஐவரி கோஸ்ட் போகிறவன். சென்னை கிண்டியில் கிங் இன்ஸ்டிடியூட்டில் ஊசி போட்டு மஞ்சள் அட்டை வாங்கி வைத்திருக்கிறேன். ஏர்போர்ட்டில் அதைத்தான் கேட்கிறார்கள். அந்த ஊசி மலேரியாவுக்கும் சேர்த்துத்தானே? எங்கள் கூட்டாளிகள் எல்லோரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

கடலோர மருத்துவர் எழுதியது:

மச்சான், நீங்கள் கேட்டதற்கு நன்றி. அது மலேரியாவுக்கான ஊசி அல்ல. மஞ்சள் காய்ச்சல் என்ற வேறொரு வைரஸ் நோய்க்கானது. பயணத்துக்குப் பத்து நாள் முன்னால் போட வேண்டும், ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும் என்று 2016இலிருந்து விதி. அந்த வைரஸ் நம் நாட்டில் இல்லை, பரப்பும் ஏடிஸ் கொசு மட்டும் தாராளமாக இருக்கிறது. அதனால்தான் அட்டையைக் கண்டிப்பாகக் கேட்கிறார்கள். மலேரியாவுக்கு எந்த விமான நிலையத்திலும் அட்டை கேட்கமாட்டார்கள். கேட்காததால் தேவையில்லை என்று எடுத்துக்கொள்கிறோம். நீங்கள் போகிற இரண்டு நாடுகளிலும் உங்களுக்கு வர அதிக வாய்ப்புள்ளது மலேரியாதான்.

மலேரியா தடுப்பூசியும் வந்துவிட்டதே என்று அடுத்து யாராவது கேட்பார்கள். உண்மைதான். ஆர்டிஎஸ்,எஸ் என்ற ஊசியை 2021இலும், புனே சீரம் நிறுவனம் தயாரிக்கும் ஆர்21 ஊசியை 2023இலும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. இரண்டும் மலேரியா உள்ள பகுதிகளில் வாழும் குழந்தைகளுக்கானவை. வியாபாரத்துக்குப் போகிற பெரியவர்களுக்கு அல்ல. நமக்கு மாத்திரையும் கொசுவலையும்தான்.

மாத்திரை பற்றி விவரமாகச் சொல்கிறேன். ஆனால் இதைப் படித்துவிட்டு நேராகக் கடைக்குப் போகாமல், உங்கள் மற்ற நோய்களையும் மருந்துகளையும் ஒரு மருத்துவரிடம் சொல்லி எழுதி வாங்குங்கள்.

ஆறு வாரத்துக்குள் திரும்பும் பயணத்துக்கு நம் நாட்டுப் பரிந்துரை டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம், தினம் ஒன்று. கிளம்புவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னால் தொடங்கி, அங்கே இருக்கும் நாளெல்லாம் போட்டு, திரும்பி வந்த பிறகு நாலு வாரம் தொடர வேண்டும். அந்தக் கடைசி நாலு வாரத்தைத்தான் நம் ஆட்கள் விட்டுவிடுகிறார்கள். கொசு கடித்ததும் கிருமி முதலில் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே பெருகிய பிறகுதான் ரத்தத்துக்கு வருகிறது. டாக்சிசைக்ளின் முக்கியமாகப் பிடிப்பது ரத்தத்துக்கு வந்த கிருமியை. கிளம்பும் நாள் இரவு கடித்த கொசு விட்டுச்சென்ற கிருமி, நீங்கள் ஊர் வந்து சொந்தபந்தங்களோடு பேசிக்கொண்டிருக்கும்போதுதான் ரத்தத்தில் இறங்கும். அந்த நேரத்தில் உடம்பில் மருந்து இருக்க வேண்டும்.

கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கும் டாக்சிசைக்ளின் கூடாது. இதைப் போடுகிறவர்களுக்கு மேல்தோல் வெயிலுக்கு எளிதில் கருகும், கல் குழிகளில் வெயிலில் நிற்பவர்கள் தொப்பியும் முழுக்கையும் போட வேண்டும். சாப்பாட்டோடு, ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்க வேண்டும். விழுங்கிய உடனே படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். பாம்பன் தம்பி சொன்ன வயிற்றுப்புண்ணுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். பால், இரும்புச்சத்து மாத்திரை, ஜெலுசில் மாதிரி மருந்துகளோடு சேர்த்துப் போடாதீர்கள், மருந்து உடம்பில் சரியாகச் சேராது.

ஆறு வாரத்துக்கு மேல் நீண்ட தங்கலுக்கு மெஃப்லோகுயின், வாரம் ஒன்று. இரண்டு வாரம் முன்னால் தொடங்க வேண்டும், திரும்பி நாலு வாரம் தொடர வேண்டும். வலிப்பு, மனநலப் பிரச்சினை, இதயத்துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்கு இது ஆகாது. மூன்றாவதாக அடோவாகுவோன்-புரோகுவானில் கூட்டு மாத்திரை. இது கல்லீரலிலேயே கிருமியைப் பிடிப்பதால் திரும்பிய பிறகு ஏழு நாள் போட்டால் போதும். விலை அதிகம், எல்லாக் கடையிலும் இருக்காது.

மண்டபம் நண்டு ஏற்றுமதி எழுதியது:

நான் வெளிநாடே போவதில்லை. சென்னை, மங்களூர், மும்பை என்று சுற்றுவேன். எனக்கும் மாத்திரை வேண்டுமா?

கடலோர மருத்துவர் எழுதியது:

வேண்டாம். கொசுவலையும் மாலைக்கு மேல் பூசுகிற கொசு விரட்டியும் போதும். காய்ச்சல் வந்தால் இந்த ஊர்களுக்குப் போய் வந்தேன் என்று சொல்லி ரத்தம் பாருங்கள். ஒடிசா, சத்தீஸ்கர் காட்டுப் பகுதிகளில் தங்கி வேலை செய்கிறவர்கள் மட்டும் போகுமுன் கேட்டுவிட்டுப் போங்கள்.

தேவிபட்டினம் ராத்தா எழுதியது:

இதை வீட்டில் இருக்கிற பெண்கள்தான் அதிகம் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். காய்ச்சலில் கிடப்பவருக்குப் பேசத் தெம்பு இருக்காது. டாக்டரிடம் பேசுவது நாங்கள்தான்.

என் மச்சானும் கொழுந்தனும் காங்கோ பக்கம் போய் வருகிறவர்கள். அவர்கள் கிளம்பும்போதே ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்வேன். எந்த நாடு, எந்த ஊர், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, என்ன மாத்திரை, எப்போது முடிகிறது. திரும்பி வந்ததும் அந்தத் தாள் குளிர்சாதனப் பெட்டி மேல் ஒட்டப்படும். கொழுந்தனுக்கு ஒருமுறை ஊர் வந்த பிறகு காய்ச்சல் வந்தது. தாளை டாக்டர் கையில் கொடுத்து, "இவர் காங்கோவிலிருந்து வந்திருக்கிறார், முதலில் மலேரியா டெஸ்ட் எழுதுங்கள்" என்றேன். டாக்டர் கொஞ்சம் முகம் சுளித்தார், ஆனாலும் எழுதிக் கொடுத்தார். அன்று மாலையே மலேரியா என்று தெரிந்து மருந்து தொடங்கினார்கள். ஒரு வாரத்தில் தேறிவிட்டார்.

டாக்டரிடம் அப்படிச் சொல்வது மரியாதைக் குறைவு என்று நினைத்துத்தான் பல வீடுகளில் வாயைத் திறப்பதில்லை. நம் மனிதர் உயிர் அது. கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஒரு கேள்வி டாக்டர். எத்தனை நாள் வரை இந்தப் பயம் இருக்க வேண்டும்?

கடலோர மருத்துவர் எழுதியது:

ராத்தா, நீங்கள் செய்தது மிகச் சரி. முகம் சுளித்த டாக்டருக்கும் சேர்த்து நல்லது செய்திருக்கிறீர்கள்.

ஃபால்சிபாரம் கடிபட்டு ஏழு நாள் ஆவதற்கு முன்னால் வராது. பெரும்பாலும் திரும்பிய முதல் மாதத்துக்குள் வரும். தடுப்பு மாத்திரையை அரைகுறையாகப் போட்டவர்களுக்குத் தள்ளிப்போய் வரலாம். மூன்று மாதத்துக்குள் வருகிற எந்தக் காய்ச்சலையும் மலேரியா இல்லை என்று நிரூபிக்கும்வரை மலேரியா என்றே வைத்துக்கொள்ளுங்கள். சில வீடுகளில் இருமலும் சளியும் இருக்கிறதே, இது மலேரியாவாக இருக்காது என்பார்கள். சளி இருந்தாலும் டெஸ்ட் எடுங்கள்.

வைவாக்ஸ் வேறு மாதிரி. அந்தக் கிருமியில் ஒரு பகுதி கல்லீரலில் உறங்கிக் கிடந்து, மாதங்கள் கழித்து, சில நேரம் ஒரு வருடத்துக்குப் பிறகும் எழும். அதற்குத்தான் பிரைமாகுயின் 14 நாள் கொடுக்கிறோம். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு அந்த மாத்திரை சிவப்பணுக்களை உடைத்துவிடும், அதனால் அந்தப் பரிசோதனை செய்துவிட்டுக் கொடுப்பது நல்லது. காய்ச்சல் நின்றதும் பதினாலு நாள் மருந்தைப் பாதியில் விடுகிறவர்களுக்கே திரும்பத் திரும்ப வருகிறது.

நேரத்தையும் சொல்லிவிடுகிறேன். ஃபால்சிபாரம் தொடங்கி ஒன்றிரண்டு நாளிலேயே ஆளைக் கவிழ்க்கக்கூடியது. இன்றைக்குக் காய்ச்சல், நாளை மறுநாள் பார்க்கலாம் என்ற கணக்கு இதில் செல்லாது.

பாம்பன் பாலத்தடி எழுதியது:

அக்கா, டாக்டர் எழுதியதைப் படித்தேன். பழகின ரத்தம் என்ற நம்பிக்கையை விட்டுவிடுகிறேன். மாத்திரையை எப்படி விழுங்குவது என்று யாரும் எங்களுக்கு இவ்வளவு நாளாகச் சொன்னதில்லை, அது மட்டும் உண்மை.

இன்னும் இரண்டு கேட்கிறேன். நிலவேம்புக் கசாயம் குடித்துவிட்டுப் போனால் போதாதா? எங்கள் ஆட்கள் சிலர் பையில் குளோரோகுயின் வைத்திருக்கிறார்கள், காய்ச்சல் வந்தால் இரண்டு போட்டுக்கொள்வார்கள். அது?

தொண்டி மருந்துக்கடை எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு நான் சொல்கிறேன், கடையில் தினம் பார்க்கிற விஷயம்.

ஆப்பிரிக்க ஃபால்சிபாரத்துக்குக் குளோரோகுயின் பெரும்பாலும் வேலை செய்யாது. கிருமி அதற்கு எதிர்ப்பு வளர்த்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. இரண்டு மாத்திரை போட்டால் காய்ச்சல் கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கும், டெஸ்டில் கிருமி சரியாகத் தெரியாமல் போகலாம், உள்ளே நோய் ஓடிக்கொண்டிருக்கும். இப்போது கொடுப்பது ஆர்ட்டிமிசினின் சேர்ந்த கூட்டு மருந்து. சீனாவில் தூ யூயூ என்ற அம்மையார் ஒரு மூலிகையிலிருந்து கண்டுபிடித்ததற்கு 2015இல் நோபல் பரிசு வாங்கினாரே, அதிலிருந்து வந்தது. ஆர்ட்டிமீத்தர்-லூமிஃபான்ட்ரின் என்றால் மூன்று நாளில் ஆறு வேளை, கொழுப்புள்ள சாப்பாட்டோடு. ஆறு வேளையும் முடிக்க வேண்டும், இரண்டு வேளையில் நன்றாக இருக்கிறது என்று மிச்சத்தைக் கூட்டாளிக்குக் கொடுக்கக் கூடாது.

மருத்துவமனையே இல்லாத குழிப் பக்கம் போகிறவர்கள், மருத்துவர் எழுதிக் கொடுத்து ஒரு கோர்ஸ் கையில் வைத்துக்கொள்ளலாம். டெஸ்ட் எடுக்க வழியே இல்லாத அவசரத்துக்கு மட்டும். அதை ஆரம்பித்த பிறகும் ஆஸ்பத்திரியைத் தேடிப் போக வேண்டும். எல்லா மருந்தையும் இங்கேயே பில் போட்டு வாங்கிக்கொண்டு போங்கள். ஆப்பிரிக்கச் சந்தைகளில் போலி மலேரியா மாத்திரை பெரிய பிரச்சினை. மருந்துச் சீட்டின் நகலும் பையில் இருக்கட்டும்.

நிலவேம்பு குடிக்கிறவர்கள் குடியுங்கள். அதை மாத்திரைக்குப் பதிலாக வைக்காதீர்கள். மலேரியாவைத் தடுக்கும் என்று அதை நம்பி அனுப்ப என் மனம் ஒப்பாது.

புறக்கோட்டை வியாபாரி எழுதியது:

கொழும்பிலிருந்து எழுதுகிறேன், பூர்வீகம் கீழக்கரைதான்.

இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டம்பரில் அறிவித்தது. ஒரு காலத்தில் இந்த நோயால் நொந்த நாடு. இப்போது வருகிற நோயாளி எல்லாம் வெளிநாட்டில் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள், அதில் ஆப்பிரிக்காவுக்குக் கல் வாங்கப் போகிறவர்களும் உண்டு. இங்கே மலேரியா ஒழிப்பு இயக்கம் என்று தனி அரசுப் பிரிவு இருக்கிறது. போகுமுன் அங்கே போனால் தடுப்பு மாத்திரையை இலவசமாகத் தருகிறார்கள். நான் அப்படித்தான் வாங்குகிறேன். இந்த மாதிரி ஓர் ஏற்பாடு ராமநாதபுரத்திலும் வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். ஆப்பிரிக்கா போகிறவர்கள் எந்தெந்த ஊரில் கூடுதல் என்று எல்லோருக்கும் தெரியும். ஜமாஅத்திலும் வணிகர் சங்கத்திலும் பேசி ஆட்சியரிடம் ஒரு மனு கொடுத்தால் என்ன?

ஆய்வாளர் ஐயா சொன்ன ஸ்டீபன்சி 2016 கடைசியில் எங்கள் பக்கம் மன்னாரிலும் கண்டுபிடிக்கப்பட்டது. உங்கள் தனுஷ்கோடிக்கு நேர் எதிரே. நோய் திரும்ப வந்துவிடக் கூடாது என்று இங்கே மிகவும் கவனமாக இருக்கிறார்கள்.

கீழக்கரை கல்வணிகர் எழுதியது:

மனு யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. ஜும்ஆவுக்குப் பிறகு பேசிப் பார்க்கிறேன். ஆய்வாளர் ஐயாவும் கூட வந்தால் பலமாக இருக்கும்.

மாத்திரையைப் பற்றி இவ்வளவு பேசியாகிவிட்டது, கடிபடாமல் இருப்பதைப் பற்றிக் கொஞ்சம் எழுதுகிறேன். கல் வியாபாரத்தில் ஒரு வசதி உண்டு. கல்லைப் பகல் வெளிச்சத்தில்தான் பார்ப்போம், விலை பேசுவதும் பெரும்பாலும் பகலில்தான். மலேரியாக் கொசு பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும்வரை கடிப்பது. ஆக வியாபாரம் நம்மைக் கொசுவிடம் கொண்டுபோவதில்லை, வியாபாரம் முடிந்த பிறகான நேரம்தான் கொண்டுபோகிறது. மஃரிபு (மாலைத் தொழுகை) முடிந்த பிறகு லாட்ஜ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்வது, தரகரோடு வெளியில் சாப்பிடுவது, அறைக்குள் சிக்னல் இல்லை என்று வராந்தாவில் நின்று வீட்டுக்குப் பேசுவது. கைலியும் பனியனுமாக இதையெல்லாம் செய்கிறோம். கணுக்காலைத்தான் அதிகம் கடிக்கும். முழுக்கால்சட்டை, முழுக்கைச் சட்டை, சாக்ஸ், வெளியே தெரிகிற தோலில் கொசு விரட்டி. அதில் டீட் என்ற மருந்து 20 சதவீதத்துக்குக் குறையாமல் உள்ளதாகப் பாருங்கள், வியர்த்தால் மறுபடி பூசுங்கள்.

கொசுவலையைக் கட்டாயம் இங்கிருந்தே கொண்டுபோங்கள், மருந்து தோய்த்ததாக இருந்தால் மிகவும் நல்லது. கூடவே நல்ல கயிறும் நாலு கொக்கியும். குழி ஊர்களின் லாட்ஜில் வலை இருக்கும், ஆனால் கிழிந்திருக்கும். ஏசி அறைதானே என்று நம்பவும் முடியாது, நள்ளிரவில் ஜெனரேட்டரை நிறுத்திவிடுவார்கள், ஜன்னலைத் திறந்துவிடுவோம். கல் தோண்டிய குழிகளில் மழைத்தண்ணீர் நின்று, அந்த ஊர்களே கொசுவுக்குப் பண்ணையாகக் கிடக்கின்றன. மழைக்காலத்தைத் தவிர்த்துப் பயணம் வைக்க முடிந்தால் வையுங்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023இல் உலகம் முழுக்க 26 கோடிக்கு மேல் மலேரியா, கிட்டத்தட்ட ஆறு லட்சம் சாவு. நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு நோயாளி ஆப்பிரிக்கப் பிராந்தியத்தில். அதிகம் பாதித்த முதல் ஐந்து நாடுகளில் மொசாம்பிக்கும் ஒன்று. நம் பிள்ளைகள் மாணிக்கத்துக்காக வரிசையாகப் போகிற நாடு அது.

பெரியபட்டினம் இளையவன் எழுதியது:

காக்கா, நான் அடுத்த வாரம் முதல்முறையாக மொசாம்பிக் போகிறேன், மொண்டெபுவெஸ் பக்கம். மூன்று வாரம். போகும் வழியில் நைரோபியில் இரண்டு நாள். இந்த இழையைப் பார்த்தபோதுதான் எதுவும் செய்யவில்லை என்று உறைத்தது. காலம் கடந்துவிட்டதா? அங்கே இருக்கும்போது நோன்பும் தொடங்கிவிடும். மாத்திரையை எப்போது போடுவது?

கடலோர மருத்துவர் எழுதியது:

காலம் கடக்கவில்லை தம்பி. டாக்சிசைக்ளின் கிளம்புவதற்கு முந்தைய நாள் தொடங்கினாலும் போதும். நாளையே ஒரு மருத்துவரைப் பாருங்கள். நைரோபி உயரமான இடம், அங்கே மலேரியா மிகக் குறைவு. மொண்டெபுவெஸ் முழு ஆபத்துள்ள பகுதி. விடுபடாமல் இருக்க நைரோபியிலும் தினமும் போடுங்கள்.

நோன்பு வைத்தால் இஃப்தாரில் வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு ஒரு டம்ளர் தண்ணீரோடு போடுங்கள். சஹரில் (விடியலுக்கு முந்தைய சாப்பாட்டில்) போட்டுவிட்டுத் தூங்க வேண்டாம், நெஞ்சு எரியும், பகல் முழுக்கத் தண்ணீரும் குடிக்க முடியாது. ஒருநாள் மறந்தால் நினைவு வந்ததும் ஒன்று போடுங்கள், இரண்டாகப் போடாதீர்கள். வாங்கும்போதே திரும்பி வந்த பிறகான நாலு வாரத்துக்கும் சேர்த்து எண்ணி வாங்குங்கள்.

கீழக்கரை கல்வணிகர் எழுதியது:

சபரில் நோன்பை விட்டுவிட்டுப் பிறகு வைக்க அனுமதி இருக்கிறது என்பதும் நினைவிருக்கட்டும் தம்பி. காய்ச்சல் அடித்தால் நோன்போடு சமாளிக்கப் பார்க்காதே. கொசுவலை என்னிடம் கூடுதலாக ஒன்று இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்.

பெரியபட்டினம் இளையவன் எழுதியது:

ஜஸாக்கல்லாஹ் காக்கா, நாளை அசருக்குப் பிறகு வருகிறேன். ராத்தா சொன்ன தாளை உம்மாவிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஊர் வந்து காய்ச்சல் வந்தால் டெஸ்ட் எங்கே எடுப்பது? வெறும் வயிற்றில் போக வேண்டுமா?

ராமநாதபுரம் லேப் அக்கா எழுதியது:

வெறும் வயிறு தேவையில்லை, எந்த நேரமும் எடுக்கலாம். காய்ச்சல் ஏறுகிற நேரத்துக்காகவும் காத்திருக்க வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு மருத்துவமனையிலும் காசு கிடையாது. கார்டு டெஸ்டும் கேளுங்கள், கண்ணாடித் துண்டில் தடவிப் பார்க்கும் ஸ்மியரும் கேளுங்கள். கார்டு உடனே சொல்லும், ஸ்மியர் எந்த வகை, எவ்வளவு கிருமி என்று சொல்லும். மொசாம்பிக்கிலிருந்து வந்தேன் என்பதைச் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள், அதைப் பார்த்தால் நாங்கள் கண்ணாடியில் இன்னும் அதிக நேரம் தேடுவோம். முதல்முறை இல்லை என்று வந்தும் காய்ச்சல் நிற்கவில்லை என்றால் மறுநாளும், அதற்கு அடுத்த நாளும் வாருங்கள். மூன்றாவது ஸ்மியரில் கிருமியைப் பிடித்த நோயாளிகள் எனக்கு உண்டு.